ஒன்பது என்றார், பதினைந்து என்று எழுதினேன்

"சரியா சொல்லுங்கண்ணே" என்றுதான் கேட்டேன். அதட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. எம்.எஸ்சி. உடற்பயிற்சி உடலியல் படித்த இரண்டு வருடத்தில் நான் பேசியதில் இந்த இரண்டு வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. வைவாவில் என்ன பேசினேன் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் லோடுமேன்களுக்கு ஸ்டெப் டெஸ்ட் வைத்து, அவர்கள் உணரும் சிரமத்துக்கும் இதயத்துடிப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பது என் தீசிஸ். டிரெட்மில், மூச்சுக்காற்றை அளக்கும் மாஸ்க் எல்லாம் லேபில் இருந்தன. ஆனால் ராத்திரி முழுக்க லாரி இறக்கிய மனிதரை பஸ் ஏற்றி லேபுக்கு வரவழைப்பது நடக்கிற காரியமா? அதனால் குவீன்ஸ் காலேஜ் டெஸ்ட். ஆசாரியிடம் சொல்லி 41.3 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி செய்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போவேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 96 முறை தட்டும். நாலு தட்டுக்கு ஒரு முறை ஏறி இறங்க வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 24 முறை. மூன்று நிமிடம். முடிந்த ஐந்தாவது விநாடியிலிருந்து இருபதாவது விநாடி வரை நாடியை எண்ணி, நாலால் பெருக்கி, அதன் 0.42 மடங்கை 111.33-லிருந்து கழித்தால் ஆக்சிஜன் கொள்திறன் உத்தேசமாக வந்துவிடும். இதில் எனக்கு ஒரு குழப்பமும் கிடையாது. நாடி பொய் சொல்லாது என்று அப்போது நம்பினேன்.

குழப்பமெல்லாம் போர்க் ஸ்கேலில். ஒருவர் தான் உணரும் சிரமத்தை எண்ணாகச் சொல்வதற்கான அளவுகோல் அது, ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கியது. 6-ல் தொடங்கி 20-ல் முடியும். ஏன் 6 என்று எல்லாரும் கேட்பார்கள். பத்தால் பெருக்கிப் பார்த்தால் புரியும்: சும்மா உட்கார்ந்திருக்கும் இளைஞரின் துடிப்பு 60, உச்சகட்டத்தில் 200. அதற்குத் தோதாக வைத்த எண்கள். எண்களுக்குப் பக்கத்தில் உள்ள வார்த்தைகளை நான்தான் தமிழில் எழுதினேன். 9-க்கு 'மிக லேசு', 13-க்கு 'கொஞ்சம் கஷ்டம்', 15-க்கு 'கஷ்டம்', 17-க்கு 'ரொம்ப கஷ்டம்'. கைடு பார்த்துவிட்டு, "சிம்பிளா இருக்கு, ஓகே" என்றார்.

வந்தவருக்கு வயது 46 என்று படிவத்தில் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். தலையில் சுற்றியிருந்த சும்மாட்டுத் துண்டை அவிழ்த்து, உதறி, நாலாக மடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று நிமிடமும் தாளம் தப்பவில்லை. கடைசி அரை நிமிடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது, மூக்கால் இழுத்த மூச்சை வாயால் இழுக்க ஆரம்பித்தார். நெஞ்சில் கட்டியிருந்த, துடிப்பை அளக்கும் பெல்ட் 162 காட்டியது. 220-லிருந்து வயதைக் கழித்தால் அவருடைய உச்சமே 174-தான். ஸ்கேல் எழுதிய அட்டையை நீட்டினேன்.

"எவ்வளவு கஷ்டமா இருக்குண்ணே? நம்பரைத் தொட்டுக் காட்டுங்க."

விரல் 9-ல் போய் நின்றது.

"ஒம்போதா?"

"கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. மூச்சு வாங்குது, அவ்ளோதான்."

"சரியா சொல்லுங்கண்ணே."

அவர் அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க."

"பதினஞ்சு போடட்டுமா?"

"போடுங்க."

பென்சிலில் எழுதியிருந்த 9-ஐ ரப்பரால் அழித்தேன். என் கை வியர்வை பட்டுத் தாள் ஈரமாக இருந்ததால் அந்த இடம் நைந்துபோனது. நைந்த இடத்திலேயே 15 என்று எழுதினேன்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானே பல தடவை கேட்டுக்கொண்டேன். துடிப்பு 162 இருக்கிறவருக்கு ஸ்கேலின் கணக்குப்படி 16 வர வேண்டும். அவருக்கு அட்டை புரியவில்லை, புரியாதவருக்கு உதவி செய்தேன், அவரும் சரி என்றார். முன்னோட்டமாகச் சிலரை வைத்துப் பைலட் ஸ்டடி நடந்தபோது கைடே, "ஒத்துவராத வேல்யூ வந்தா ஒரு தடவை ப்ராம்ப்ட் பண்ணிப் பாரு" என்று சொல்லியிருந்தார். பண்ணினேன். ப்ராம்ப்ட் என்றால் திரும்பக் கேட்பதுதான், எண்ணை எடுத்துக் கொடுப்பதில்லை என்று அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய விஷயமா அது?

என்னை மாட்டிவிடுவது அட்டையின் பின்பக்கம்தான். டெஸ்ட்டுக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் நான் படித்துக்காட்டிய குறிப்பு அதில் இருக்கிறது. 'குறைத்தும் சொல்ல வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு எப்படி இருக்கிறதோ அதுதான் வேண்டும். சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் கிடையாது.' இதைப் படித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, 'சரியா சொல்லுங்க' என்றிருக்கிறேன்.

கஷ்டம் என்ற சொல்லை வைத்ததே தப்போ என்று பிற்பாடுதான் யோசித்தேன். நாம் அந்தச் சொல்லை எங்கே எல்லாம் புழங்குகிறோம்? வீட்டுல ரொம்ப கஷ்டம். கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சாங்க. ஒரு பெட்டிமேல் மூன்று நிமிடம் ஏறி இறங்கியதற்கு அந்த மனிதர் அந்தச் சொல்லைச் செலவழிப்பாரா? மூச்சு வாங்குகிறது என்று தனியாகச் சொன்னார், கவனியுங்கள். உடம்பில் நடப்பதை ஒளிக்கவில்லை. அதற்குக் கஷ்டம் என்று பெயர் வைக்க மாட்டேன் என்றார், அவ்வளவுதான். நான் கேட்டது ஒன்று, அவர் பதில் சொன்னது வேறொன்று என்று எடுத்துக்கொண்டால் என் திருத்தம் நியாயமானதாகவே தெரிகிறது. ஒரு நாள் முழுக்க இதை நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் இன்னொன்று இடித்தது. இந்த ஸ்கேலின் மேல் முனையை ஆளாளுக்கு அவரவர் அனுபவத்தில்தான் கட்டுகிறார்கள். வாழ்க்கையில் பட்ட மிகக் கடுமையான உழைப்பு எதுவோ அது 20-க்குப் பக்கத்தில். எனக்கு அது காலேஜ் மைதானத்தில் ஓடிய 1500 மீட்டர். இருபத்தைந்து வருடமாக வெங்காய மூட்டையைத் தலையில் வைத்துப் பலகையில் ஏறி இறங்கியவருக்கு? அவருடைய அளவுகோல் என்னுடையதைவிட நீளம். அந்த அளவுகோலில் இந்தப் பெட்டி 9-ல் விழுந்தால் அது புரியாமை இல்லை, துல்லியம். தீசிஸில் எழுதத் தகுந்த ஒரே விஷயம் அதுவாகத்தான் இருந்திருக்கும். கைக்கு வந்ததை ரப்பர் போட்டு அழித்துவிட்டேனோ.

இப்படிச் சொல்லும்போது அவரை ஏதோ வீரர் ஆக்குகிறேனோ என்றும் சந்தேகம் வருகிறது. ஏனென்றால் அன்று பக்கத்தில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து டீக்கடையில் பேச்சுவாக்கில் காதில் விழுந்தது: வரும் கூலியை செட்டாகப் பிரித்துக்கொள்வார்கள், அதனால் தளர்ந்த ஆளை செட்டில் வைத்துக்கொள்ள மற்றவர்கள் யோசிப்பார்கள். அந்த செட்டில் அவர்தான் மூத்தவர். மேஸ்திரி எதிரில் அவரை நிற்கவைத்து, 'கஷ்டமா இருக்கா' என்று நான் கேட்டிருக்கிறேன். 9 என்பது உடம்பிலிருந்து வந்த பதிலா, பயத்திலிருந்து வந்த பதிலா? பயம் என்றால் நான் எழுதிய 15 உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கலாம். ஆனால் அதையும் நான் மேஸ்திரி காதுபட உரக்கச் சொன்னேனே. ஒப்புதல் படிவத்தில் 'தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும்' என்ற வரியும் உண்டு. அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அல்லது இதெல்லாம் நானாகக் கட்டியது. தூக்கம் வந்திருக்கும், வீட்டுக்குப் போக வேண்டும், ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பு என்றும் இருந்திருக்கலாம். டீயும் பன்னும் நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு, துண்டைத் திரும்பத் தலையில் சுற்றிக்கொண்டு போனார்.

மொத்தம் 32 பேர். இரண்டு வருடம் கழித்துப் பழைய ஃபைலைத் திறந்து, அவருடைய 15-ஐ எடுத்துவிட்டு 9 போட்டுக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். தொடர்பு கொஞ்சம் இறங்கியது, புள்ளியியல்படி அது பொருட்படுத்தத் தக்கது என்று காட்டும் நட்சத்திரக் குறி அப்படியே நின்றது. முடிவு மாறவில்லை. அதோடு மூடியிருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர்கள் பதினெட்டு பேர். அவர்களில் எத்தனை பேரிடம் அதே தொனியில் கேட்டேன், வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் 'இந்தத் தம்பிக்குப் பதினஞ்சு பக்கம் சொன்னா பிடிக்கும்' என்று புரிந்துகொண்டார்கள்? இதற்கு எந்த ஃபைலும் பதில் சொல்லாது. தீசிஸுக்கு நல்ல மார்க்.

இப்போது இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் வேலை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. ஆள் திணறிக்கொண்டிருப்பார், திரையில் 98 என்று சாதுவாக நிற்கும். 220-லிருந்து வயதைக் கழிக்கிற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. அதனால் அதே போர்க் அட்டை, 11-லிருந்து 14-க்குள் இருந்தால் தொடரலாம். அவர் வாயால் சொல்கிற எண்ணை நம்பித்தான் வேகத்தைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன். தமிழை மாற்றிவிட்டேன்: 'கஷ்டம்' போய் 'சிரமம்' வந்திருக்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரில் டாக்டர் மாதிரி யாராவது எதிரில் நின்றால் சொல்லும் பதில் ஒன்றுதான்: பரவாயில்லை.

போன வாரம் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், பைபாஸ் முடிந்து இரண்டு மாதம். டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தார். அட்டையைக் காட்டி எத்தனை என்றேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன சொல்லணும் சார்?"

உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார், நடந்துகொண்டே இருந்தார். அடுத்த ஆள் ஷூ மாட்டிக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார். மணி 11.40.

"பன்னெண்டு, பதிமூணு இருக்குமா?" என்றேன்.

"பதிமூணு" என்றார்.

எழுதிக்கொண்டேன்.