200 கிரெயினும் என் தோளும்

இங்கிலாந்தின் பிஸ்லியில், ஸ்டிக்கிள்டவுன் துப்பாக்கி சுடும் மைதானத்தில் 1000 கஜத்தில் சுடத் தொடங்கி இது இரண்டாவது வருடம். எஃப்-கிளாஸ் என்னும் தொலைதூரச் சுடுதல் போட்டியில் எஃப்-டிஆர் பிரிவு, .308 ரைஃபிள். போன வருடம் முழுக்க 155 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டுதான். காற்று லேசாகத் திரும்பினாலே பக்கவாட்டில் ஓடிவிடும். அதனால் இந்த வசந்தத்தில் 200 கிரெயினுக்கு மாறினேன். வேகம் குறைவுதான், ஆனால் நீளமான குண்டு காற்றுக்கு அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 155-ஐ விட ஓர் அடிக்கு மேல் குறைவாகவே ஒதுங்கும். ஐந்து புள்ளி வட்டத்தின் அகலமே 10 அங்குலம் என்னும்போது இது எவ்வளவு பெரிய லாபம்!

முதல் எட்டுப் பத்துக் குண்டுகள் அருமையாக விழுந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. காற்றின் வேலையென்றால் பக்கவாட்டில் அல்லவா போக வேண்டும்? வெடிமருந்து அளவைச் சந்தேகப்பட்டேன், ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் நண்பர் ஒருவர், எனக்குத் தெரியாமல் வெடிக்காத டம்மித் தோட்டாக்களைக் கலந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டாவது தடவை விசையை இழுத்தேன். 'டிக்' என்று மட்டும் கேட்டது. ஆனால் என் தோள் முன்னால் முட்டியது, ஸ்கோப்பில் குறுக்குக்கோடு சட்டென்று கீழே இறங்கியது. சுட்டதும் ரைஃபிள் பின்னால் உதைக்குமே, அந்த வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகியிருந்தது. வலி எதுவும் இல்லை, அதனால்தான் இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே ரைஃபிளில் 200-இன் உதை, 155-ஐ விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஒரு குண்டுக்கு அது ஒன்றுமில்லை. பதினேழு குண்டுக்குச் சேரும்போதுதான் தெரிகிறது. குழல் முனையில் உதையைக் குறைக்கும் பிரேக் மாட்டலாம் என்றால் எஃப்-கிளாஸில் அனுமதி கிடையாது.

சரி, இரண்டு வாரம் 185-க்கு இறங்கினேன். உடம்பை ரைஃபிளுக்கு நேர் பின்னால் வைத்துப் படுத்தேன். முன்பெல்லாம் சுட்டதும் பக்கத்து இலக்குப் பலகையில் போய் நின்ற குறுக்குக்கோடு, இப்போது என் பலகைக்கே திரும்புகிறது. கடைசி ஐந்து குண்டுகளும் ஐந்து புள்ளிக்குள் விழுந்தன. அன்று வந்த நிம்மதி தனி!

ஆனாலும் 200-ஐ விட மனமில்லை. ரைஃபிள், அதைத் தாங்கும் இரட்டைக்கால் பைபாட், ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோ வரை அனுமதி உண்டு, என்னுடையது 6.9-தான். நேற்று ரைஃபிளின் பின்கட்டைக்குள் 1.2 கிலோ ஈயம் வைத்து அடைத்தேன். கணக்குப்படி, இந்த எடையில் 200-இன் உதை, பழைய எடையில் 155 கொடுத்த உதைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சனிக்கிழமை, டம்மித் தோட்டாக்களோடு, மறுபடி சுட்டுப் பார்க்கிறேன்.