தடைக்காலத்தில் இராயப்பர் கோவில்

2025ஆம் ஆண்டு ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்பே சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டியில் ஏறி, அடுத்த நிறுத்தமான இராயபுரத்தில் இறங்கினேன். கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது யூபிலி ஆண்டு, திருப்பயணங்களுக்கென்று அறிவிக்கப்படும் சிறப்பு ஆண்டு. ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்பது அதன் விருதுவாக்கு. வசதியுள்ளவர்கள் உரோமைக்குப் போனார்கள். எனக்கு விடுப்பு இல்லை. உண்மையைச் சொன்னால், நல்லது வரும் என்ற அந்த எதிர்நோக்கும் அவ்வளவாக இல்லை. ஆகவே சிறு வயதில் பாட்டி என் கையைப் பிடித்து அழைத்துப்போன கோவிலுக்கே ஒரு நாள் பயணமாகப் போய்வருவது என்று முடிவு செய்திருந்தேன். திருப்பலியைப் ‘பூசை’ என்றும், இயேசுவின் தலைமைச் சீடரான பேதுருவை ‘இராயப்பர்’ என்றும் கடைசிவரை சொல்லிவந்த தலைமுறை அவருடையது. இராயபுரம் என்ற பெயரே அந்த இராயப்பரிடமிருந்து வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

என் நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனாலும் ஞாயிறு மாலை வெயில் சாய்ந்ததும் நெஞ்சில் ஒரு வெற்றிடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாசி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்க்கல் இதற்கு ஞாயிற்றுக்கிழமை நோய் என்றே பெயர் சொல்லியிருக்கிறார்: வாரத்தின் ஓட்டம் நின்றதும், தன் வாழ்வில் உள்ளீடு இல்லை என்று மனிதனுக்குத் தெரியவருகிறதாம். எனக்கு அதிலிருந்த சங்கடம் வேறு. காலையில் திருப்பலி கண்டு நற்கருணை அப்பம் வாங்கிய அதே ஞாயிறுகளில்தான் இது வந்தது. வாழ்வில் பொருள் காணாமல் தவிப்பது கடவுளை விட்டவர்களுக்கு நேர்வது என்று எங்கள் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கோவிலின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஜெபமாலை மணிகளை நாக்கால் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் பிரசங்கத்தில் இடமில்லை.

பூசைக்கு நேரம் இருந்ததால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் நடந்தேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் படகுகளின் நெரிசல் துறைமுகத்தை அடைத்திருந்தது. சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவந்த கொஞ்சம் மீனைச் சுற்றிப் பெண்களின் ஏலக் குரல் மட்டும் உயிரோடு இருந்தது. அந்தச் சந்தையில் நின்றபோது ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சே 1882இல் எழுதிய பித்தனின் கதை நினைவுக்கு வந்தது. காலை வெளிச்சத்தில் விளக்கேற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடிவந்து, கடவுளைத் தேடுகிறேன் என்று கத்துகிறவன் அவன். கடவுள் இறந்துவிட்டார் என்ற அவன் வாக்கியத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏற்கெனவே நம்பிக்கை இல்லாதவர்கள் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அடிவானத்தையே துடைத்து அழித்துவிட்டோமே, இனி எந்தத் திசையில் போகிறோம் என்று அவர்களிடம்தான் அவன் கதறுகிறான். இழப்பின் அளவு அவனுக்குத் தெரிந்திருந்தது. என் எதிரே அடிவானம் இருந்தது; அதற்கு முன்னால் கட்டிப்போட்ட படகுகள் நின்றன.

ஒரு படகின் நிழலில் பெரியவர் ஒருவர், வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருந்தார். “இரண்டு மாதம் வேலை இல்லாமல் கஷ்டமாக இருக்காதா ஐயா?” என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: “கடலுக்குப் போவலன்னா வேல இல்லன்னு யார் சொன்னது சார்? போற காலத்துல இதுக்கெல்லாம் நேரம் ஏது?”

இராயப்பர் கோவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பகுதிப் படகோட்டிகள் எழுப்பியது. சென்னைக்குத் துறைமுகம் கிடையாத காலம் அது. கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட, சரக்கையும் ஆட்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. விறைப்பாக இருந்தால் இந்தக் கரையின் அலை உடைத்துவிடும், தைத்த படகோ வளைந்துகொடுக்கும். பிறகு துறைமுகம் கட்டப்பட்டது, கப்பல்கள் உள்ளேயே வந்து நின்றன, அலை தாண்டும் அந்தத் திறமை யாருக்கும் தேவைப்படாமல் போயிற்று. ஒரு தலைமுறையின் கைத்திறன் கண்ணெதிரே பொருளிழந்ததையும் இந்தக் கோவில் பார்த்திருக்கிறது என்பது, பீடத்தை நோக்கி முழந்தாளிட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பீடத்தருகே திருத்தந்தை (போப்) பிரான்சிசின் படத்துக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், ஏப்ரல் 21 அன்று, அவர் இறந்தார். நான் போன வெள்ளிக்கு அடுத்த நாள் உரோமையில் அடக்கம். பேதுருவின் வழித்தோன்றலுக்கு பேதுருவின் கோவிலில் ஒரு மெழுகுவத்தி. இதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் பேசவில்லை. அது நன்றாகவே இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள் நீளும் எண்கிழமையின் வெள்ளிக்கு உரிய நற்செய்தி யோவான் 21ஆம் அதிகாரம். “நான் மீன்பிடிக்கப் போகிறேன்” என்கிறார் பேதுரு. “நாங்களும் உம்மோடு வருகிறோம்” என்று மற்றவர்களும் படகில் ஏறுகிறார்கள். இரவு முழுதும் ஒன்றும் அகப்படவில்லை. எத்தனையோ முறை கேட்ட வாசகம்தான். உயிர்த்த இயேசு சீடர்களுக்குத் தோன்றியது அது மூன்றாம் முறை என்று யோவானே எழுதியிருப்பதை மட்டும் நான் என்றும் கவனித்ததில்லை. அப்படியானால் அவரை இரண்டு முறை கண்ட பிறகுதான், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், இந்த மனிதர் பழைய வலையைத் தூக்கிக்கொண்டு போகிறார்! கல்லறை வெறுமையாக இருந்தது அவருக்குத் தெரியும். படகும் வெறுமையாகவே இருந்தது. இயேசு அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வாழ்வின் பொருள் இதுதான் என்று விளக்கவும் இல்லை. கரியில் தீ மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு, “உணவருந்த வாருங்கள்” என்கிறார். இராயபுரத்துச் சனங்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. அத்தனை ஆண்டுகள் படித்த எனக்குத்தான் விளங்கவில்லை.

பூசை முடிந்தும் எழ மனமில்லாமல், பையிலிருந்த விவிலியத்தில் பேதுரு எழுதிய கடிதமான முதல் திருமுகத்தைப் புரட்டினேன். சிறிது காலத் துன்பத்துக்குப் பின் கடவுளே உங்களைச் சீர்ப்படுத்துவார் என்று ஐந்தாம் அதிகாரத்தில் அவர் எழுதுகிறார். அந்தச் சீர்ப்படுத்துதலுக்கு மூல கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல்லைத்தான், செபதேயு என்ற மீனவரின் பிள்ளைகள் படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்ததைச் சொல்லும்போது நற்செய்தியாளர் மாற்கும் பயன்படுத்துகிறார். கல்லூரி நாட்களில் ஒரு சாமியார் சொல்லிக்கொடுத்தது. குறிப்பேட்டில் எழுதி, தேர்வில் எழுதி, மறந்தும் போயிருந்தேன்.

திரும்பும்போது நிலையத்துக்குப் போகாமல் மறுபடி காசிமேட்டுக்கே நடந்தேன். பெரியவர் படகின் நிழல் நகர்ந்த பக்கத்துக்குத் தானும் நகர்ந்திருந்தார். “என்னா சார், பூசை முடிஞ்சுதா?” என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் வலையின் ஒரு முனையை நீட்டி, “இத்த கொஞ்சம் இழுத்துப் புடி” என்றார். அலுவலகச் சட்டையோடு மணலில் உட்கார்ந்து பிடித்தேன். வலை ஊசி கண்ணிக்குக் கண்ணி ஏறி இறங்கியது. ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வர இயலாது என்று பிறகுதான் தகவல் அனுப்பினேன். நைலான் நரம்பு விரல்களில் பதித்த கோடுகள் மாலைவரை இருந்தன.