திருப்பி அனுப்பிய ரெப்ளிகா வாட்ச் வழியில் தொலைந்தது: ஐந்து மாத அலைச்சல்

நேற்று சாயங்காலம் பணம் வந்து சேர்ந்தது. பாதிப் பணம்தான். ஆனாலும் ஐந்து மாதமாக மண்டையைக் குடைந்த விஷயம் ஒரு வழியாக முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே மாதிரி வெளிநாட்டுக்குப் பொருளைத் திருப்பி அனுப்பப் போகிறவர்கள் தபால் கவுண்டருக்குப் போகும் முன்னால் படித்துவிட்டால் நல்லது.

ரெப்ளிகா, அதாவது பிராண்ட் வாட்சின் போலி நகல், என்று தெரிந்தேதான் வாங்கினேன். அதை மறைப்பதற்கில்லை. வாட்ச் ஒழுங்காக வந்தது, பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. பதின்மூன்றாம் தேதி காலையில் பார்த்தால் தேதி காட்டும் சின்ன ஜன்னலில் பாதி 12, பாதி 13. பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழை (கிரௌன்) இழுத்துத் திருகினால் முட்கள் நகர்ந்தன, தேதிச் சக்கரம் மட்டும் அசையவில்லை. விற்றவர் தகராறு எதுவும் செய்யவில்லை. "திருப்பி அனுப்புங்க, சரி பண்ணியோ மாத்தியோ தர்றேன்" என்றார். சரி என்று பேக் செய்து எடுத்துப் போனேன்.

தப்பு நடந்தது கவுண்டரில், அதுவும் என் கையால். பார்சலோடு ஒட்டும் சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தில் விற்றவர் சொன்னபடி 'பரிசு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன், மதிப்பையும் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்காக எழுதினேன். பக்கத்திலேயே 'திரும்ப அனுப்பும் பொருள்' என்று தனிக் கட்டம் இருந்தது. பார்த்தேன், கடந்துவிட்டேன். பொய்யாக அறிவிப்பதே குற்றம் என்பது ஒரு பக்கம். தொலைந்தால் அந்த எண்ணுக்கு மேல் ஒரு காசு கேட்க முடியாது என்பது இன்னொரு பக்கம். கையெழுத்து என்னுடையது. சொல்லிக்கொடுத்தவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

ஒன்பதாம் நாள் 'பரிமாற்ற அலுவலகத்திலிருந்து புறப்பட்டது' என்று டிராக்கிங் காட்டியது. நாடுகளுக்கிடையே தபால் கைமாறும் அலுவலகம் அது. அதோடு சரி. இருபதாம் நாளும் அதே வரி, நாற்பதாம் நாளும் அதே வரி. விற்றவர் "60 நாள் பொறுங்க" என்றார். தயவுசெய்து இதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பன்னாட்டுத் தபாலில் தொலைந்த பொருளுக்கு விசாரணை கேட்க அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. கார்டு, ஆன்லைன் பணச் சேவைகளின் கெடு தனியாக ஓடும். நான் பயன்படுத்திய சேவையில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். காத்திருக்கச் சொல்கிறவருக்குக் கெடு எதுவும் கிடையாது, நமக்குத்தான் உண்டு.

47ஆம் நாள் தபால் அலுவலகத்துக்குப் போனேன். "நீங்க வாங்கினவங்கதானே, வித்தவர் பக்கம்தான் புகார் கொடுக்கணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். விற்றவரைக் கேட்டால், "அனுப்பினது நீங்க, உங்க பக்கம்தான்" என்றார். இரண்டு முறை நடந்த பிறகுதான் புரிந்தது, விற்றவர் சொன்னதுதான் சரி. வாங்கும்போது நாம் பெறுநர். திருப்பி அனுப்பும் நிமிடத்திலிருந்து நாம்தான் அனுப்புநர். விசாரணை கேட்கும் உரிமையும், நஷ்டஈடு வந்தால் அதுவும், தொலைந்தால் அந்த நஷ்டமும் அனுப்புநர் தலையில்தான். மூன்றாவது முறை போனபோது ரசீதில் அனுப்புநர் என்று என் பெயர் இருந்த இடத்தைக் காட்டி நின்றேன். சிஎன் 08 விசாரணைப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: இப்படி ஓர் எண்ணில் எந்தப் பார்சலும் இல்லை.

படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அலுவலர் எழுதிய எண்ணில் ஐந்தாவது இலக்கம் 8. நான் விற்றவருக்கு அனுப்பிய லிங்க்கில் அதே இடத்தில் 3. ரசீதோ வெப்பத்தில் அச்சாகும் காகிதம், மூன்று மாதத்தில் வெளிறி அந்த ஓர் இலக்கம் எதுவென்றே சொல்ல முடியவில்லை. இணையத்தில் போட்டால் பழைய தகவல் அழிந்துபோய் இரண்டு எண்ணுக்கும் 'விவரம் இல்லை' என்றே வந்தது. "லிங்க்ல நீங்க தப்பா அடிச்சிருக்கலாம்ல" என்றார் அலுவலர். கோபம் தலைக்கேறியது, ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட எடுத்து வைக்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியதில் ஒரு வழி கிடைத்தது. பன்னாட்டுத் தபால் எண் 13 எழுத்து: முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த ஒன்பதாவது இலக்கம் சும்மா வருவதில்லை, முன்னால் உள்ள எட்டையும் சரிபார்க்கத்தான் இருக்கிறது. எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மிச்சத்தை 11இலிருந்து கழித்தால் அந்த இலக்கம் வரும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று வைத்துக்கொள்ள வேண்டும். என் எண்ணில் 3 போட்டுக் கணக்குப் பார்த்தேன், 6 வந்தது. ரசீதில் இருந்ததும் 6. 8 போட்டால் 2 வந்தது. அதாவது அவர் எழுதி அனுப்பியது உலகத்தில் எங்குமே இருக்க முடியாத எண்.

மறுநாள் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவரே கால்குலேட்டரை எடுத்து ஒரு முறை தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். ஒன்றும் பேசாமல் புதுப் படிவம் எடுத்துத் தன் கையாலேயே நிரப்பினார். இந்த ஐந்து மாதத்தில் நான் நிமிர்ந்து வெளியே வந்த நாள் அது ஒன்றுதான்.

நிமிர்ந்தது ரொம்ப நாள் நிற்கவில்லை. நஷ்டஈட்டுக்கு மதிப்பை நிரூபிக்கச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது விற்றவரோடு நடந்த உரையாடல் மட்டும். அதில் பிராண்ட் பெயரும் 'ரெப்ளிகா' என்ற சொல்லும் வரிக்கு வரி இருக்கிறது. படித்துப் பார்த்த மேலதிகாரி மெதுவாகத்தான் சொன்னார். உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஒப்பந்தப்படி எந்த வகைத் தபாலிலும் வைக்கக் கூடாத பொருட்களில் போலிப் பொருட்களும் உண்டு, அதற்கு நஷ்டஈடு கிடையாது. மதிப்பைப் பொய்யாக எழுதியதும் எனக்கு எதிராகவே நின்றது. "விசாரணை மட்டும் நடக்கட்டும், பண விஷயத்தை விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். வேறு ரசீது தயார் செய்து கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அந்தப் பக்கமே போகாதீர்கள், முதல் பொய்யே போதுமான அளவுக்குக் கழுத்தைப் பிடித்திருந்தது.

கூரியரில் அனுப்பியிருந்தால் தப்பித்திருப்பேனா என்றும் பார்த்தேன். விமானச் சரக்குக்கான 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கூடுதல் மதிப்பு அறிவிக்காத பொருளுக்கு நஷ்டஈட்டின் உச்சவரம்பு எடைக் கணக்கில்தான். 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை டாலர். என் பார்சல் 340 கிராம், ஒன்பது எஸ்டிஆர்கூட வராது. ஒரே ஒரு வாட்ச்தானே, சுங்கத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 608/2013 விதியில் சின்னப் பார்சலில் வரும் போலிகளைச் சுருக்கமாக அழித்துவிடத் தனி நடைமுறையே இருக்கிறது.

பணம் கட்டிய ஆன்லைன் சேவையில் தகராறு பதிவு செய்தேன். பொருள் விற்றவரிடம் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்ற டிராக்கிங் விவரம் கொடு என்றார்கள். இல்லாததை எங்கே போய்க் கொடுப்பது? மூடிவிட்டார்கள்.

150 நாள் நெருங்கும்போது இரண்டாவது பதில் வந்தது. பார்சல் விற்றவர் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்துக்கு வந்திருக்கிறது, சுங்கத்திடம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதற்கப்புறம் எந்தப் பதிவும் இல்லை. மூன்றே வரி. ஆனால் அந்த மூன்று வரிதான் வேலை செய்தது. அதுவரை விற்றவர், நான் வெறும் டப்பாவை அனுப்பியிருப்பேன் என்றே ஜாடை பேசிக்கொண்டிருந்தார். கடிதத்தையும் 340 கிராம் என்று எடை அச்சான ரசீதையும் சேர்த்து அனுப்பினேன். நல்ல வேளை, எடை இருந்த பக்கம் வெளிறவில்லை. வெறும் டப்பா அந்த எடை வராது என்பது அவருக்கே தெரியும், முதலில் எனக்கு அனுப்பியது அவர்தானே. உங்கள் நாட்டுக்குள் வந்த பிறகுதான் காணோம், பரிசு என்று எழுதச் சொன்னதும் நீங்கள்தான் என்று எழுதினேன், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் பாதி தருகிறேன் என்றார்.

ரசீதை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். படிவத்தில் எண்ணை எழுதியதும் ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். டிராக்கிங்கில் புது வரி வரும்போதெல்லாம் ஒரு ஸ்கிரீன்ஷாட். உள்ளது எதுவோ அதையே எழுதுங்கள், எழுத முடியாத பொருளாக இருந்தால் அனுப்பாதீர்கள்.

மேஜை டிராயரில் ஒரு சின்ன ஜிப் கவர் கிடக்கிறது. கைக்கு அளவாக்கும்போது சங்கிலியிலிருந்து கழற்றிய இரண்டு கண்ணிகள் அதில் இருக்கின்றன. பணத்தை அனுப்பிவிட்டு விற்றவர் ஒரு செய்தியும் போட்டிருந்தார்: "புது மாடல் வந்திருக்கு, மீதிப் பாதிக்குத் தள்ளுபடி போட்டு அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.