தொடையில் 3 செ.மீ., கீழ்க்காலில் 4 செ.மீ.

10 ஜூன் 2024
கால் நீட்டும் ஆபரேஷன் முடிந்து 7 நாள். இன்றுதான் முதல் திருப்பு: திருகைத் திருப்பினால் வெட்டிய எலும்பின் இரு முனைகளும் விலகும், இடைவெளியில் புது எலும்பு வளரும். ஆறு வயதில் முழங்காலில் சீழ் பிடித்து, எலும்பு வளரும் இடமே கெட்டுப்போனது. இடது கால் 7 செ.மீ. குட்டை. தொடையில் ரெயில், அதாவது வெளியே ஒரு பக்கமாக ஓடும் நேர்ச்சட்டம். கீழ்க்காலில் இலிசரோவ் வளையங்கள், காலைச் சுற்றி நின்று கம்பிகளால் எலும்பைப் பிடிப்பவை. ஒரு நாளைக்கு நான்கு திருப்பு, ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர். அம்மா ஒவ்வொரு திருப்புக்கும் காலண்டரில் ஒரு கோடு போடுகிறாள்.

25 ஜூன்
எக்ஸ்ரேயில் தொடையில் வெண்மேகம் போலப் புது எலும்பு. கீழ்க்காலில் மெல்லிய நிழல்தான். தொடை எலும்பைச் சுற்றிலும் சதை, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். கீழ்க்காலின் முன்பக்கம் எலும்புக்கு மேல் தோல்தான் என்றார் டாக்டர். இனி கீழ்க்காலுக்கு நாளைக்கு மூன்று திருப்புதான், தொடைக்கு அதே நான்கு.

9 ஜூலை
இரவு பத்து மணித் திருப்போடு தொடைக்கு 3 செ.மீ. ஆகிவிட்டது. ஆனால் முழங்கால் 40 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. ரெயிலின் தடித்த கம்பிகள் தொடைச் சதையைக் குத்திப் பிடித்திருக்கின்றன, மடக்கினால் சதை நகர வழியில்லை. "இன்னும் அஞ்சு எண்ணு தம்பி" என்று பிசியோ அக்கா சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுகிறேன்.

28 ஜூலை
கீழ்க்காலும் முடிந்தது. இங்கே தொல்லை வேறு. எலும்பு நீண்ட வேகத்துக்குக் கெண்டைச் சதை நீளவில்லை, குதிகால் மேலே தூக்கிக்கொண்டது. இரவெல்லாம் பாதத்தைப் பட்டையால் மேல்நோக்கி இழுத்துக் கட்டிப் படுக்கிறேன். ஒரு கம்பியோரம் சிவந்து நீர் கசிந்தது, மாத்திரையில் அடங்கிவிட்டது. அம்மா சலைனில் நனைத்த பஞ்சால் துடைக்கிறாள், ஒவ்வொரு கம்பிக்கும் புதுப் பஞ்சு.

17 நவம்பர்
தொடையின் புது எலும்பு கெட்டியாகி, ரெயிலைக் கழற்றிவிட்டார்கள். தொடை என்னுடையது போலவே இல்லை, அவ்வளவு லேசு! முழங்கால் 70 டிகிரி. சம்மணம் போட இன்னும் நாளாகும். வளையத்தோடு வாக்கரில் பாரம் ஊன்றி நடக்கச் சொல்கிறார்கள். இந்த வளையத்தை உருவாக்கிய டாக்டர் இலிசரோவும் சைபீரியாவின் குர்கான் நகரில் தன் நோயாளிகளை வளையத்தோடு நடக்கத்தான் வைத்தார். பாரம் பட்டால்தான் எலும்பு கெட்டியாகும்.

26 ஜனவரி 2025
எக்ஸ்ரேயில் புது எலும்பின் நாலு பக்கத்தில் மூன்று பக்கமாவது கெட்டியானால்தான் வளையம் கழற்றுவார்கள். இரண்டு ஆகியிருக்கிறது. சரி, நடப்போம். காலையில் குளித்துவிட்டு வாக்கரோடு வந்தேன். சிமென்ட் தரையில் இடது பாதத்தின் ஈரம், விரல்களுக்குப் பின்னால் முழு வட்டமாகக் குதிகாலும். இத்தனை வருஷம் அந்தக் காலுக்கு விரல் தடம் மட்டும்தான். அம்மாவைக் கூப்பிட்டேன். துணியோடு வந்தவள் தரையைத் துடைக்காமல் நின்றுவிட்டாள்.