ராஸ் 2 திட்டத்தை டாக்கருக்குள் ஓட வைத்த அனுபவம்

என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு 24.04. கைக்கு வந்த ரோபோ திட்டமோ ராஸ் 2 (ரோபோ மென்பொருள் எழுத உதவும் தொகுப்பு) என்பதன் ஹம்பிள் பதிப்பில் எழுதப்பட்டது. அதற்கான தயார் பேக்கேஜ்கள் உபுண்டு 22.04-க்குத்தான் கிடைக்கும். இதற்காக லேப்டாப்பில் பழைய உபுண்டு போட மனம் வரவில்லை, மென்பொருளை அதற்கான சூழலோடு தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் இறங்கினேன். ஹம்பிளுக்கு 2027 மே வரை ஆதரவு இருப்பதால் உழைப்பு வீண்போகாது என்ற தைரியமும் இருந்தது.

சோர்ஸ் கோடை இமேஜுக்குள் (அந்தப் பெட்டிக்கான அச்சு) வைக்கவில்லை. வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டர் லேப்டாப்பிலேயே இருக்கும், கன்டெய்னர் (இமேஜிலிருந்து ஓடும் பெட்டி) அதை மவுண்ட் செய்துகொள்ளும். இமேஜில் ராஸ், கம்பைலர், ராஸ்டெப் என்ற கருவி இழுத்துவரும் லைப்ரரிகள், அவ்வளவுதான். தினமும் கோடில் கைவைப்பவர்களுக்கு இந்த அமைப்பைத்தான் சொல்வேன்.

கன்டெய்னர் வழக்கமாக ரூட் யூசராக ஓடும். அப்படியே கோல்கான் பில்ட் (ராஸ் 2 கோடை பில்ட் செய்யும் கட்டளை) கொடுத்தால் உருவாகும் ஃபோல்டர்கள் எல்லாம் ரூட் பெயரில் வந்துவிடும். வெளியிலிருந்து அழிக்க சூடோ வேண்டும். அதனால் டாக்கர்ஃபைலிலேயே என் யூசர் ஐடியான 1000-ஐக் கொடுத்து ஒரு யூசரை உருவாக்கினேன். ஹம்பிளுக்குப் பிந்தைய பதிப்பான ஜாஸிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் அடித்தளமான உபுண்டு 24.04 இமேஜில் 1000 என்ற ஐடியோடு ‘உபுண்டு’ என்ற யூசர் ஏற்கெனவே இருக்கும். அதை நீக்குங்கள், அல்லது அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம் நெட்வொர்க். ராஸ் 2 நோடுகள் (தனித்தனியாக ஓடும் சிறு புரோகிராம்கள்) ஒன்றையொன்று மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் முறை) மூலம் தேடிக் கண்டுபிடிக்கின்றன. டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க்கைத் தாண்டி அது வெளியே போகாது என்பதால் ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றினேன். இங்கேதான் மண்டை காய்ந்தது. லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) டிரைவர் கன்டெய்னருக்குள் ஓடுகிறது. வெளியிலிருந்து டாபிக்குகளை (நோடுகள் டேட்டா அனுப்பும் தடங்கள்) காட்டும் டாபிக் லிஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் ஸ்கேன் டாபிக் தெரிகிறது. ஆனால் அதில் வரும் டேட்டாவைக் காட்டும் எக்கோ கொடுத்தால் ஒரு வரிகூட வரவில்லை. எர்ரரும் இல்லை.

காரணம், ஹம்பிளில் நோடுகளுக்கிடையே டேட்டாவைக் கொண்டுசெல்லும் வழக்கமான மிடில்வேரான ஃபாஸ்ட் டிடிஎஸ். நெட்வொர்க் ஒன்றாகிவிட்டதால் இரண்டு பக்கமும் ஒரே மெஷின் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரே மெஷின் என்றால் டேட்டாவை ஷேர்டு மெமரி வழியாக அனுப்பும். கன்டெய்னருக்கோ தனி ஷேர்டு மெமரி! உள்ளே எழுதியதை வெளியே இருப்பவர் படிக்க வழியே இல்லை. ஐபிசியையும் (ஷேர்டு மெமரியை யாரோடு பகிர்வது என்ற டாக்கர் அமைப்பு) ஹோஸ்ட் என்று கொடுத்தேன், டேட்டா கொட்டத் தொடங்கியது. இரு பக்கமும் யூசர் ஐடி ஒன்றாக இருந்ததும் இங்கே கைகொடுத்தது. உள்ளே ரூட்டாக ஓடினால் ஷேர்டு மெமரி ஃபைல்களிலும் பர்மிஷன் இடிக்கும். ஷேர்டு மெமரியே வேண்டாம் என்றால், எக்ஸ்எம்எல் புரொஃபைல் ஒன்று எழுதி யுடிபி மட்டும் போதும் என்று சொல்லலாம். கேமரா படம், பாயிண்ட் கிளவுட் என்று பெரிய டேட்டா ஓடும் திட்டத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ரோபோ டேட்டாவைப் படமாகக் காட்டும் ஆர்விஸ் திரைக்கு வர, லினக்ஸின் திரை அமைப்பான எக்ஸ்11-இன் சாக்கெட்டை மவுண்ட் செய்து டிஸ்ப்ளே வேரியபிளைக் கொடுத்தால் போதும். லைடாரின் யுஎஸ்பி போர்ட்டை டிவைஸாகக் கொடுத்து, உள்ளே இருக்கும் யூசரை, அந்த போர்ட்டுக்கு அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, லேபில் பலர் ஒரே வைஃபையில் இருந்தால் ராஸ் டொமைன் ஐடியை (ஒரே எண் உள்ள நோடுகள் மட்டும் பேசிக்கொள்ளும்) கட்டாயம் மாற்றுங்கள். எல்லோரும் 0-விலேயே இருந்தால் ஒருவர் அனுப்பும் வேகக் கட்டளைக்கு இன்னொருவருடைய ரோபோ ஓடும், பக்கத்தில் ஆள் நிற்கலாம். கன்டெய்னரின் அமைப்புகள் இருக்கும் காம்போஸ் ஃபைலில் கொடுத்த அதே எண்ணை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் லேப்டாப்பின் பாஷ்ஆர்சி ஃபைலிலும் போட்டால்தான் கன்டெய்னரும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும்.