பனிமலை வேலையும் என் பெயர் பட்ட பாடும்

ஆஸ்திரேலியாவின் ஸ்நோவி மலைப்பகுதியில் ஒரு பனிச்சறுக்குத் தளத்தில் குளிர்காலம் முழுவதும் வேலை செய்துவிட்டு மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட் திரும்பியிருக்கிறேன். எங்கள் தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அடுத்த முறை போக வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். குளிரைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் பெயரால் வரும் தொல்லையைத்தான் யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விசா 462 வகை, அதாவது இளைஞர்கள் ஆஸ்திரேலியாவில் விடுமுறையோடு வேலையும் செய்யத் தரும் விசா. வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். பட்டப்படிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது முடித்திருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் சராசரி 4.5 போதும். நம் அரசின் ஆதரவுக் கடிதமும் எனக்குச் சிக்கலில்லாமல் கிடைத்தது. கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர் இருப்பதைக் காட்ட வேண்டும். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 15,000 ரிங்கிட். அம்மாவின் சேமிப்பும் அண்ணனின் போனஸும் சேர்ந்துதான் அந்தத் தொகை ஆனது.

பணம் சேர்ந்துவிட்டது. அது என் பணம்தான் என்று காட்டுவதில்தான் பாடுபட்டேன். கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) என் பெயர், ஏ/பி (‘இன்னாரின் மகள்’ என்பதற்கான மலாய்ச் சுருக்கம்), பிறகு அப்பா பெயர் என்று முழுசாக இருக்கிறது. பட்டச் சான்றிதழில் ஏ/பி இல்லை. வங்கிக் கணக்கு அறிக்கையிலோ அப்பா பெயர் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. டவுனில் இருக்கும் வங்கிக் கிளைக்குப் போய், முழுப் பெயரோடு ஒரு கடிதம் முத்திரை வைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். முகப்பில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “சிஸ்டம் இத்தனை எழுத்துதான் எடுக்கும், ஈப்போவில் போய்க் கேளுங்கள்” என்றார். பஸ் பிடித்து ஈப்போ போனால், கணக்குத் திறந்த கிளைதான் தர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் வேலையும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

மறுபடி அதே கிளைக்குப் போனபோது முகப்பில் நிற்கவில்லை. நேராக அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வயதான மலாய்க்கார அதிகாரி ஒருவர் கடப்பிதழை வாங்கிப் பார்த்தார். இரண்டு வரியில் கடிதம் தட்டி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். தேநீர் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதற்கா அத்தனை அலைச்சல்? ஆகவே முகப்பில் முடியாது என்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். உள்ளே இருப்பவரைக் கேளுங்கள்.

சான்றிதழ் பெயருக்குச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று 1960ஆம் ஆண்டுச் சட்டப்பூர்வ உறுதிமொழிச் சட்டப்படி உறுதிமொழி எழுதி வாங்கினேன். அதில் இரண்டு மூன்று அசல் பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசா படிவத்தில் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே போடுங்கள்; அழகுபடுத்தவே வேண்டாம்.

காலக்கணக்கும் முக்கியம். விசா கிடைத்த 12 மாதத்துக்குள் உள்ளே நுழைந்தால் போதும். சறுக்குக் காலம் ஜூனில் தொடங்குகிறது, ஆள் எடுப்பது ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. அதனால் முந்தைய ஆண்டே விசாவை முடித்து வைப்பது நல்லது. தங்குமிடத்தோடு வரும் வேலையையே பாருங்கள். சறுக்குத் தளங்களுக்கு அருகே உள்ள ஜிண்டபைன் ஊரில் குளிர்கால வாடகை நம்மால் தாங்கக்கூடியது அல்ல.

எனக்குக் கிடைத்த வேலை, கம்பியில் தொங்கி மலையேறும் நாற்காலிகளில் ஆட்களை ஏற்றிவிடுவது. விடிவதற்கு முன்பே போய், இரவில் விழுந்த பனியை ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். துடைப்பக் குச்சிகளில் பனி உறைந்து கட்டியாகிவிடும். அதைத் தூணில் அடித்து உடைத்துவிட்டுத்தான் அடுத்த நாற்காலிக்குப் போக முடியும். மேலங்கியும் கால்சட்டையும் அவர்களே கொடுத்தார்கள். கையுறையும் காலணியும் நம் பொறுப்பு. தோட்டத்தில் போடும் ரப்பர் பூட்ஸ் அங்கே எதற்கும் உதவாது, காலில் உணர்ச்சியே போய்விடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் மறுபடி பெயர் வந்து நின்றது. ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் வரிக் கோப்பு எண்ணுக்கு (சம்பளத்தில் வரி பிடிக்க முதலாளி கேட்கும் எண்) இணையத்தில் விண்ணப்பித்தேன். எண் தபாலில் வரும், 28 நாள் வரை ஆகலாம். விண்ணப்பித்திருக்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னால் அதே 28 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எண்ணைக் கொடுக்காவிட்டால் உச்ச விகிதத்தில் வரி பிடிப்பார்கள். எண் இருந்தால், நம்மைப் போன்ற விசாக்காரர்களுக்கு 45,000 டாலர் வரை 15 சதவீதம்தான்.

தபால் வரவேயில்லை. தினமும் பணியாளர் விடுதி அலுவலகத்தில் கேட்டேன். “உங்கள் பெயரில் ஒன்றுமில்லை” என்ற ஒரே பதில். அவகாசம் முடிந்தது. அடுத்த சம்பளச் சீட்டைப் பார்த்தபோது வயிறு பற்றி எரிந்தது. ஏறக்குறைய பாதி வரிக்குப் போயிருந்தது. மீதியிலிருந்து தங்குமிட வாடகையும் பிடித்திருந்தார்கள். அம்மாவுக்கு அனுப்ப ஒன்றும் தேறவில்லை.

சமையலறையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். அலுவலகச் சுவரில் ஆங்கில எழுத்து வரிசைப்படி தபால் போடும் சிறு தட்டறைகள் இருந்தன. விடுதிக்காரர்கள் எனக்கு ‘ஏ’ அறையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏ/பியில் உள்ள ‘ஏ’! கடிதம் அப்பா பெயரின் முதல் எழுத்து அறையில் மற்ற கடிதங்களுக்கு அடியில் கிடந்தது. உறையின் மேல் இருந்த தேதி முத்திரையைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அவகாசம் முடிவதற்கு வெகு நாள் முன்பே வந்திருக்கிறது.

அண்ணன் என்னைச் சம்பளப் பிரிவுக்கு அழைத்துப் போய், பிடித்த வரியைத் திருப்ப முடியுமா என்று எனக்காக வாதாடினார். முடியாது என்றுவிட்டார்கள். ஆனால் பணம் போய்விடவில்லை. அங்கே வரி ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது, அதன் பிறகு கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். எனக்கு வந்தது. ஜூன் சம்பளம் ஓர் ஆண்டுக்கும் ஜூலைக்குப் பிந்தியது அடுத்த ஆண்டுக்கும் போகும் என்பதால் சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைத்துவிடாதீர்கள்.

நீங்கள் போனால், போன முதல் நாளே தபால் பார்ப்பவரிடம் உறை எந்தெந்தப் பெயரில் வரக்கூடும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்லா அறைகளையும் நீங்களே பாருங்கள். எண் வரவில்லையே என்று 28 நாளுக்குள் இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள், குழப்பம்தான் கூடும்.

இன்னொன்று. முதலாளி உங்கள் ஓய்வூதியக் கணக்கில் கட்டும் பணத்தை, நாட்டைவிட்டு வந்து விசாவும் முடிந்த பிறகு கேட்டு வாங்கலாம். அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும், மீதியை விடாதீர்கள். அந்தக் கணக்கிலும் பெயர் கடப்பிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே பார்த்துத் திருத்திவிடுங்கள். என்னுடையதில் ஏ/பி விட்டுப்போயிருந்தது. கிளம்பும் வாரத்தில் சண்டை போட்டுத்தான் மாற்ற வைத்தேன்.