காக்பர்ன் என்னும் குடும்பப் பெயர்

ஏற்காட்டுக் காப்பியின் வரலாற்றை யார் சொன்னாலும், 1820களில் சேலம் கலெக்டராக இருந்து சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த எம்.டி. காக்பர்னிடமிருந்துதான் தொடங்குவார்கள். இந்த மலையில் வளர்ந்த எனக்கு அவருடைய பெயரின் மீதும் நெடுநாள் ஈடுபாடு உண்டு.

அது ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெரிக்‌ஷயரில், டன்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு நிலத்தின் பெயர். இடைக்காலத்தில் அந்நிலத்தை உடையவர்கள் அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள, பிள்ளைகள் வழியே அது குடும்பப் பெயராக நிலைத்தது. நம்மிடமும் ஊர்ப் பெயரை இனிஷியலாக இடும் வழக்கம் உண்டு, எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரைதான். ஆனால் நம் இனிஷியல் பெரும்பாலும் ஓரிரு தலைமுறையில் மாறிவிடும். அவர்களுடையதோ, நிலம் கைமாறி, குடும்பம் கடல் கடந்த பின்பும் தொடர்ந்து வரும். ஸ்காட்லாந்தியர் அதைக் ‘கோபர்ன்’ என்றே உச்சரிப்பார்கள். தமிழில் பழகிவிட்ட வடிவத்தையே நான் எழுதுகிறேன்.

இப்பெயரைத் தாங்கிப் புகழ்பெற்றவர்கள் வேறு பலரும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் காக்பர்ன், 1814இல் வாஷிங்டனைத் தீக்கிரையாக்கிய படையெடுப்பில் முன்னின்றவர். மறு ஆண்டே நெப்போலியனைச் செயிண்ட் ஹெலினா தீவில் கொண்டு சேர்த்தவரும் அவரே. அவருடைய சகோதரர் மகன் அலெக்சாண்டர், இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்து, 1868இல் ஹிக்லின் வழக்கில் ஆபாசத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார்: எளிதில் கெடக்கூடிய மனமுடையவர் கையில் ஒரு நூல் கிடைத்தால், அவரைக் கெடுக்கும் போக்கு அதில் உண்டா என்பதே கேள்வி. அந்த அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 1965இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் ஏற்றுக்கொண்டு, 2014இல்தான் கைவிட்டது. நம் கலெக்டர் நட்ட செடி மலையின் வாழ்வை மாற்றியது. அந்த நீதிபதியின் தீர்ப்போ இந்தியாவில் எழுதுவோர் அனைவரையும் தொட்டது. ஆகவே, இப்பெயரினருள் நாம் மிகுதியும் அறிந்திருக்க வேண்டியவர் அவர் என்றே நான் கருதுகிறேன்.

எடின்பரோவின் அழகைக் காக்க எழுதிய நீதிபதி ஹென்றி காக்பர்ன் பெயரில் 1875இல் அமைந்த சங்கம் இன்றும் இயங்குகிறது. அவருடைய சகோதரர் ராபர்ட் 1815இல் போர்ச்சுகலில் ஒயின் வணிகம் தொடங்கினார். கனடா நாடாளுமன்ற மக்களவையின் முதல் சபாநாயகரும் ஒரு காக்பர்ன்தான்.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இவர்களை ஒரே குடும்பமாக்கிவிடக் கூடாது. நிலக்கிழாரின் பெயரை அவரை அண்டி வாழ்ந்தோரும் ஏற்பது ஸ்காட்லாந்தில் வழக்கமாக இருந்தது. உறவுக்குச் சான்று ஞானஸ்நானப் பதிவேடுகள்தான். அவற்றை ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. ஏற்காட்டின் வரலாற்றை எழுத விரும்பும் இளைஞர்கள், கலெக்டரின் குடும்பத்தை அவ்வழியே தேடிப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.